பி.எஸ்சி. வேதியியல்: செலவும் வரவும்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் மே மாதத்தில் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி ஒரே கேள்வியாகத்தான் இருக்கும். "மாப்பிள்ளை, பொண்ணுக்கு கெமிஸ்ட்ரி கிடைச்சிருக்கு. சேத்துவிடலாமா, இல்ல வேற ஏதாவது பாக்கணுமா?" மருந்துத் தொழிற்சாலை ஒன்றின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் நெடுங்காலமாக இருப்பவன், புதிய பட்டதாரிகளை நேர்காணல் செய்து வேலைக்கு எடுப்பவன் என்பதால் உறவுக்காரர்கள் என்னிடம் கேட்கிறார்கள். சேர்க்கலாம் என்றோ வேண்டாம் என்றோ ஒரு சொல்லில் முடித்துவிடக்கூடிய விஷயம் இது இல்லை என்பதால், தமிழ்நாட்டு நிலவரத்தை மட்டும் வைத்து விரிவாக எழுதிவைக்கிறேன்.

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். வேதியியல் பட்டத்துக்கு ஆகும் பெரிய செலவு கல்லூரிக் கட்டணம் அன்று, ஆண்டுகள்தான். மூன்று ஆண்டு இளநிலை, இரண்டு ஆண்டு முதுநிலை, அதற்கு மேல் பி.எட். என்றால் இன்னும் இரண்டு, முனைவர் பட்டம் என்றால் இன்னும் ஐந்து. எந்தப் படியில் இறங்கி வேலைக்குப் போகிறோம் என்பதைப் பொறுத்தே இந்தப் படிப்பு இலாபமா நட்டமா என்பது தெரியும். இளநிலையில் அதிகக் கட்டணம் கட்டிப் படித்தவருக்கு, குறைந்த கட்டணத்தில் படித்தவரைவிட அதிகச் சம்பளம் தரும் வழக்கம் எந்த ஆய்வகத்திலும் இல்லை. ஆகவே இளநிலைக்குப் பணத்தைக் குறைவாகச் செலவழித்து, முதுநிலையை எங்கே, எப்படிப் படிப்பது என்பதில்தான் குடும்பம் மெனக்கெட வேண்டும்.

கட்டணத்தைப் பார்ப்போம். அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் இளநிலைக்குக் கற்பிப்புக் கட்டணம் கிடையாது. சிறப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம், ரெக்கார்டு நோட்டு, வெள்ளைக் கோட்டு எல்லாம் சேர்ந்தாலும் ஆண்டுக்குச் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கு 2022 செப்டம்பர் முதல் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்கு 2024 ஆகஸ்டு முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வருகிறது. கல்லூரிக்குக் கட்டுவதைவிட அரசிடமிருந்து கைக்கு வருவது அதிகம் என்ற நிலை பல வீடுகளில் இருக்கிறது. பேருந்துச் செலவு, விடுதிச் செலவு ஆகியவற்றை அந்தத் தொகையில் ஓரளவு சரிக்கட்டிவிடலாம்.

அடுத்தது அரசு உதவி பெறும் கல்லூரிகள். சென்னை, திருச்சி, மதுரை, பாளையங்கோட்டை போன்ற ஊர்களின் பழைய கல்லூரிகளில் பெரும்பாலானவை இந்த வகையைச் சேர்ந்தவை. இவற்றில் காலையில் 'எய்டட்', பிற்பகலில் 'செல்ஃப்' என்று இரண்டு ஷிப்டுகள் நடக்கும். கட்டடம், பாடத்திட்டம், ஆய்வகம் எல்லாம் ஒன்றுதான். கடைசியில் தரப்படும் பட்டச் சான்றிதழிலும் வேறுபாடு இருக்காது. காலை ஷிப்டு ஆசிரியருக்கு அரசு சம்பளம் தருகிறது, பிற்பகல் ஷிப்டு ஆசிரியருக்கு மாணவர் கட்டும் கட்டணத்திலிருந்து நிர்வாகம் தருகிறது. அதனால் கட்டணம் பல மடங்கு கூடுகிறது. ஆசிரியர்கள் வேறு வேலை கிடைத்ததும் போய்விடுவதால் ஒரே தாளை ஒரு பருவத்தில் இரண்டு பேர் நடத்தி முடிக்கும் நிலையும் வருகிறது. எய்டட் இடம் கிடைத்தால் யோசிக்காமல் சேருங்கள். செல்ஃப் இடம் மட்டுமே கிடைக்கிறது என்றால், பக்கத்து ஊர் அரசுக் கல்லூரியின் கலந்தாய்வு முடியும்வரை பொறுத்திருப்பது நல்லது. கல்லூரியின் பெயருக்காக மட்டும் அந்த வேறுபாட்டுத் தொகையைக் கட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

மூன்றாவது வகை முழுச் சுயநிதிக் கல்லூரிகளும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும். ஆண்டுக்கு அரை லட்சத்தைத் தாண்டுவது இங்கே சாதாரணம். விடுதி, பேருந்து, 'திறன் மேம்பாட்டுப் பயிற்சி' என்ற பெயரில் வரும் கூடுதல் வசூல் ஆகியவற்றையும் சேர்த்தால் மூன்றாண்டில் செலவாகும் தொகை, பட்டம் பெற்றவர் முதல் வேலையில் ஓராண்டில் வாங்கும் மொத்தச் சம்பளத்தைத் தாண்டிவிடும். விளம்பரப் பலகையில் கருவிகளின் படம் பளபளவென்று இருக்கும். சேர்க்கைக்குப் போகும் பெற்றோர் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அந்தக் கருவியை இளநிலை மாணவர் தொடலாமா? பல கல்லூரிகளில், ஒரு மருந்தில் எது எவ்வளவு இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. கருவி கண்ணாடி அறைக்குள் பூட்டிக் கிடக்கும். அங்கீகாரக் குழு வரும் நாளில் துடைத்து வைப்பார்கள். இந்தக் குறையில் அரசுக் கல்லூரி, தனியார் கல்லூரி என்ற வேறுபாடே இல்லை.

சேர்வதற்கு முன் வேதியியல் ஆய்வகத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு வரச் சொல்வது என் வழக்கம். ஒவ்வொரு மாணவருக்கும் தனி பியூரெட் (கரைசலைச் சொட்டுச் சொட்டாக அளந்து விடும் கண்ணாடிக் குழாய்) இருக்கிறதா, நான்கு பேர் சேர்ந்து ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்களா என்று பார்க்க வேண்டும். சிங்க்கில் தண்ணீர் வருகிறதா, உப்புப் பகுப்பாய்வு நடக்கும் மேசைக்கு மேல் புகைபோக்கி ஓடுகிறதா, தராசு அறை தனியாக இருக்கிறதா என்பனவும் முக்கியம். நான்கு பேருக்கு ஒரு பியூரெட் என்றால் ஒருவர் டைட்ரேஷன் செய்வார், மற்ற மூவர் அளவீட்டை எழுதிக்கொள்வார்கள். ரெக்கார்டு நோட்டு நான்கு பேருடையதும் அழகாக இருக்கும், மதிப்பெண்ணும் வந்துவிடும். வேலைக்கு வரும்போதுதான் யார் கை பியூரெட்டில் இருந்தது என்பது தெரியவரும்.

நேர்காணலில் நான் கேள்விகளைக் குறைத்துவிட்டு, ஆளைத் தராசு அறைக்கு அழைத்துப் போய்விடுவேன். 100 மில்லிகிராம் தூளை எடைபோட்டு ஒரு வால்யூமெட்ரிக் பிளாஸ்கில் சேர்க்கச் சொல்வேன். பகுப்பாய்வுத் தராசு நான்காவது தசமம் வரை காட்டும். கதவு திறந்திருந்தால் ஏ.சி. காற்றுக்கே எண்கள் ஓடிக்கொண்டிருக்கும். பட்டர் பேப்பரை வைத்து 'டேர்' அழுத்தி எண்ணைப் பூச்சியமாக்குகிறாரா, தூளைப் போட்டதும் பக்கக் கதவை மூடுகிறாரா, எண் நிலைத்து நிற்கும்வரை காத்திருக்கிறாரா, சேர்த்த பிறகு காகிதத்தில் ஒட்டியிருக்கும் மிச்சத்தை மறுபடி எடைபோட்டுக் கழிக்கிறாரா என்று பார்ப்பேன். நூறு வரவில்லை, 101.3 வந்துவிட்டது என்றால் அப்படியே எழுதிவிட்டு, கணக்கில் சரிசெய்துகொள்ளலாமா என்று கேட்பவரை உடனே எடுத்துக்கொள்வேன். சரியாக நூறு வர வேண்டும் என்று கரண்டியால் சுரண்டிச் சுரண்டித் தூளைத் தராசுத் தட்டெல்லாம் சிந்துகிறவர், எவ்வளவு மதிப்பெண் வைத்திருந்தாலும், ஆறு மாதத்துக்குத் தனியாக விடத் தகுந்தவர் அல்லர். இந்தச் சோதனையில் நன்றாகச் செய்தவர்களை நான் எண்ணிப் பார்த்ததுண்டு. பாதிக்கு மேல் மாவட்டத் தலைநகர்களின் சாதாரண அரசுக் கல்லூரிகளில் படித்தவர்கள், குறிப்பாக ஒரு நல்ல ஆய்வக உதவியாளர் வாய்த்த கல்லூரிகளில் படித்தவர்கள். ஆய்வக உதவியாளரின் அருமை எந்தத் தரவரிசைப் பட்டியலிலும் வராது.

இனி வேலை. பி.எஸ்சி. முடித்ததும் இறங்குகிறவருக்கு வேலை உண்டு. ஆனால் அது ஊருக்குப் பக்கத்தில் இருப்பது அரிது. மருந்து மூலப்பொருள் தயாரிக்கும் தொழிற்சாலைகள் கடலூர், ராணிப்பேட்டை சிப்காட்டுகளிலும், சென்னைக்குத் தெற்கே ஆலத்தூரிலும், ஓசூரிலும், புதுச்சேரியிலும் இருக்கின்றன. மணலியில் பெட்ரோ கெமிக்கல், மேட்டூரிலும் தூத்துக்குடியிலும் கார வேதிப்பொருள்கள், அரியலூரில் சிமெண்ட், ஆம்பூர் வாணியம்பாடிப் பக்கம் தோல் பதனிடுதல். திருப்பூர், ஈரோடு, கரூர் சாயப்பட்டறைகளில் நிறம் பார்க்கும் லேப்-டிப் வேலைக்கும், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் வேதியியல் பட்டதாரிகள் தேவைப்படுகிறார்கள். நொய்யல் மாசு வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத முறை கட்டாயமாகி, அங்கே நீர்ப் பகுப்பாய்வு ஒரு நிரந்தர வேலையாகிவிட்டது. இவை தவிர ஐதராபாத்தும் பெங்களூருவும் இருக்கின்றன. மருந்து மூலப்பொருள் துறையில் உயர விரும்புகிறவர் ஐதராபாத் போகாமல் இருக்க முடியாது என்றே சொல்வேன்.

தொடக்கச் சம்பளம் கௌரவமாகச் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. நான் பார்த்தவரையில் புதிதாகச் சேரும் பி.எஸ்சி. பட்டதாரிக்கு மாதம் 15,000 ரூபாயை ஒட்டிக் கிடைக்கிறது. நகரத்துக்கு நகரம் சற்று ஏறலாம், இறங்கலாம். மூன்று ஷிப்டு, காலணி உறை, தலையுறை, ஆவணம் ஆவணம் என்று கையெழுத்திட்டுத் தீராத பக்கங்கள். முதல் இரண்டு ஆண்டுகள் கசப்பாகவே இருக்கும். ஆனால் எச்.பி.எல்.சி., ஆவியாகும் பொருள்களைப் பிரித்தறியும் ஜி.சி. இரண்டையும் தனியாகக் கையாளத் தெரிந்து, தணிக்கைக்கு வருகிறவர் கேட்கும் கேள்விக்குப் பதற்றமில்லாமல் பதில் சொல்லத் தெரிந்தவருக்கு, மூன்றாம் ஆண்டு முடிவில் வேறு நிறுவனத்துக்கு மாறும்போது சம்பளம் ஒரே தாவலில் ஏறும். இருந்த இடத்திலேயே இருப்பவருக்கு அந்த ஏற்றம் வருவதில்லை.

பலருக்குத் தெரியாத ஒரு சட்ட விதியை இங்கே சொல்ல வேண்டும். 1945 மருந்து விதிகளின் 71 ஆவது விதிப்படி, மருந்து உற்பத்திக்குத் தகுதி பெற்ற தொழில்நுட்பப் பணியாளர் ஒருவரின் நேரடி மேற்பார்வை கட்டாயம். பி.பார்ம். பட்டதாரி 18 மாத உற்பத்தி அனுபவத்துடன் அந்தத் தகுதியைப் பெறுகிறார். வேதியியலை முதன்மைப் பாடமாகக் கொண்ட அறிவியல் பட்டதாரியும் மருந்து உற்பத்தியில் மூன்றாண்டு அனுபவம் இருந்தால் அதே தகுதியைப் பெறலாம். தொழிற்சாலைகளில் 'அப்ரூவ்டு கெமிஸ்ட்' என்று சொல்வது இவரைத்தான். உரிமத்தில் பெயர் ஏறிய ஒருவரை நிறுவனம் எளிதில் விட்டுவிடாது. பி.பார்ம். படிப்புக்கு நான்கு ஆண்டும் பெருந்தொகையும் செலவழித்தவரும், அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் படித்தவரும் உற்பத்திக் கூடத்தில் ஒரே இடத்துக்கு வந்துசேர முடியும். உற்பத்திப் பிரிவில் இரவுப்பணி அதிகம் என்பதால் பெண்களை அங்கே எடுக்கத் தயங்கும் நிறுவனங்கள் இன்னும் உண்டு. தொழிற்சாலைகள் சட்டத்தின் 66 ஆம் பிரிவு பெண்களுக்கு விதித்திருந்த இரவுப்பணித் தடையைச் சென்னை உயர்நீதிமன்றம் 2000 ஆம் ஆண்டிலேயே செல்லாது என்று தீர்ப்பளித்துவிட்ட போதும் இதுதான் நிலை. எங்கள் பக்கத்தில் வேதியியல் வகுப்புகளில் பெண்களே அதிகம் என்பதை நினைத்தால், இந்தத் தயக்கத்தால் யாருக்கு இழப்பு என்பது புரியும்.

முதுநிலையின் கணக்கு வேறு. பி.எஸ்சி. முடித்தவர் மாதம் 15,000 ரூபாய் சம்பாதிக்க முடியும் என்றால், எம்.எஸ்சி. படிக்கும் இரண்டு ஆண்டில் அவர் விட்டுக்கொடுப்பது 3,60,000 ரூபாய். அரசுக் கல்லூரியிலோ பல்கலைக்கழகத் துறையிலோ படித்தால் கட்டணம் இந்தத் தொகைக்கு முன் ஒன்றுமே இல்லை. சுயநிதிக் கல்லூரியில் எம்.எஸ்சி. படித்தால் கட்டணமும் போய், சம்பளமும் போய், பெரும்பாலும் பி.எஸ்சி. பட்டதாரி ஏற்கெனவே இரண்டு ஆண்டு அனுபவத்துடன் உட்கார்ந்திருக்கும் அதே நாற்காலிக்குத்தான் வந்துசேர வேண்டியிருக்கிறது. வேதியியல் பட்டங்களிலேயே மிக மோசமான பேரம் எது என்று கேட்டால், கருவிகளைத் தொடவிடாத சுயநிதிக் கல்லூரியில் கடன் வாங்கிப் படிக்கும் எம்.எஸ்சி. என்றுதான் சொல்வேன். அந்த இரண்டு ஆண்டும் வேலையில் இருந்தால் கையில் பணமும் தொழிலும் மிஞ்சும்.

ஆனால் எம்.எஸ்சி. இல்லாமல் திறக்காத கதவுகள் சில உண்டு. ஐதராபாத்திலும் பெங்களூருவிலும் இருக்கும் ஒப்பந்த ஆராய்ச்சி நிறுவனங்கள், புதிய மூலக்கூறுகளை உருவாக்கும் தொகுப்பு வேதியியல் பிரிவுக்குக் கரிம வேதியியலில் எம்.எஸ்சி. முடித்தவரைத்தான் எடுக்கின்றன. உணவுப் பாதுகாப்பு அலுவலர் பணிக்கான தகுதிப் பட்டியலில் வேதியியல் வருகிறது. ஆனால் முதுநிலைப் பட்டமாக இருக்க வேண்டும், பி.எஸ்சி. போதாது. அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியர் ஆக எம்.எஸ்சி.யும் பி.எட்.டும் வேண்டும். கல்லூரி ஆசிரியர் பணிக்கு எம்.எஸ்சி.யுடன் நெட் (தேசிய) அல்லது செட் (மாநில) தகுதித் தேர்வில் தேர்ச்சியோ முனைவர் பட்டமோ வேண்டும்.

இந்த எம்.எஸ்சி.யை எங்கே படிப்பது? இளநிலைக் கல்லூரி எதுவாக இருந்தாலும் அழித்து எழுதிவிடக்கூடிய ஒரே வாய்ப்பு, ஐ.ஐ.டி.கள் நடத்தும் முதுநிலை நுழைவுத் தேர்வான ஜாம். மூன்று மணி நேரம், 60 கேள்விகள், 100 மதிப்பெண்கள். ஐ.ஐ.டி.களில் எல்லாப் பாடங்களும் சேர்த்துச் சுமார் 3,000 இடங்கள் இதன் வழியே நிரம்புகின்றன; திருச்சி உள்ளிட்ட என்.ஐ.டி.களும் இதே மதிப்பெண்ணை வைத்துப் பொதுக் கலந்தாய்வு நடத்துகின்றன. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், புதுச்சேரிப் பல்கலைக்கழகம் ஆகியவற்றுக்கு, மத்தியப் பல்கலைக்கழகங்களின் பொது நுழைவுத் தேர்வான கியூட்டின் முதுநிலைத் தேர்வு. நம் அரசுக் கல்லூரி மாணவர்களில் ஜாம் என்ற பெயரையே மூன்றாம் ஆண்டில்தான் கேள்விப்படுகிறவர்கள் ஏராளம். கேரளத்திலும் வங்காளத்திலும் முதலாண்டிலேயே தயாரிப்பைத் தொடங்கிவிடுகிறார்கள். பாடத்திட்டம் ஒன்றும் எட்டாத உயரத்தில் இல்லை; நம் பி.எஸ்சி. பாடத்தில் இருப்பவற்றையே மனப்பாடம் இல்லாமல், கணக்குப் போட்டுப் படித்திருக்க வேண்டும். இயற்பிய வேதியியலுக்குக் கணிதம் தேவை என்பதால், துணைப்பாடமாகக் கணிதத்தையா விலங்கியலையா எடுப்பது என்று முதலாண்டில் கேட்கும்போது, கணிதத்துக்கு அஞ்சாதவர் கணிதத்தையே எடுப்பது நல்லது.

பன்னிரண்டாம் வகுப்பிலேயே வேதியியல்தான் என்று உறுதியாக இருக்கும் பிள்ளைக்கு வேறு வழியும் இருக்கிறது. 2006 இல் புனேயிலும் கொல்கத்தாவிலும் தொடங்கிய ஐசர் என்னும் மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள் இன்று ஏழு. நமக்குப் பக்கத்தில் திருப்பதியும் திருவனந்தபுரமும் இருக்கின்றன. ஐந்தாண்டு பி.எஸ்.-எம்.எஸ். படிப்புக்கு அவர்களே தனி நுழைவுத் தேர்வு நடத்துகிறார்கள். புவனேசுவரத்தில் அணுசக்தித் துறையின் நைசர் நிறுவனத்துக்கு நெஸ்ட் என்று வேறொரு தேர்வு. அங்கே சேர்கிறவர்களுக்கு ஆண்டுக்கு 60,000 ரூபாய் உதவித்தொகையும் கோடைக்காலப் பயிற்சிக்குத் தனித்தொகையும் உண்டு. மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை ஆண்டுக்கு 80,000 ரூபாய். பன்னிரண்டாம் வகுப்பில் தத்தம் வாரியத்தின் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்து, அடிப்படை அறிவியலில் இளநிலை சேர்கிறவர்களுக்கு இது. ஐசரில்தான் சேர வேண்டும் என்பதில்லை. ஊர் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் சேர்ந்தவரும் விண்ணப்பிக்கலாம். பொறியியலிலோ மருத்துவத்திலோ சேர்ந்தவருக்குத்தான் இது கிடையாது. முதல் ஒரு சதவீதத்தில் வரும் நம் பிள்ளைகள் பெரும்பாலும் பொறியியல் கலந்தாய்வுக்குப் போய்விடுவதால், இந்தத் தொகையைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதே இல்லை.

பொறியியல் என்றதும் வேதிப் பொறியியலையும் ஒப்பிட்டுவிட வேண்டும். இரண்டும் ஒன்றே என்று நினைக்கும் பெற்றோர் உண்டு. வேதியியலர் குடுவையில் செய்து காட்டியதை நூறு டன் கலனில் செய்ய முடியுமா, வெப்பத்தை எப்படி வெளியேற்றுவது, குழாயின் விட்டம் என்னவாக இருக்க வேண்டும் என்று பார்ப்பது வேதிப் பொறியாளரின் வேலை. 1944 இல் தொடங்கிய அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, மக்கள் வாயில் ஏ.சி.டெக், இதற்குப் பெயர்பெற்ற இடம். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்திலும் ஒரு பி.டெக். படிப்பு உண்டு. தனியார் பொறியியல் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டுக்கு 2017 இல் நிர்ணயித்த கட்டணம் ஆண்டுக்கு 50,000 முதல் 55,000 ரூபாய். அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் இடம் பெறுகிறவருக்குக் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் அரசே ஏற்கிறது. அப்படி நல்ல கல்லூரியில் வேதிப் பொறியியல் இடம் கிடைத்து, பிள்ளைக்குக் கணிதமும் பிடித்திருந்தால், வருமானத்தை மட்டும் பார்க்கும் குடும்பம் அதைத்தான் எடுக்க வேண்டும். நான்காண்டில் முடிகிறது, தொடக்கச் சம்பளமும் கூடுதல். வேதியியல்தான் பிடிக்கும் என்கிற பிள்ளையை அதில் கொண்டுபோய்த் தள்ளுவதை மட்டும் செய்யாதீர்கள். அங்கே வேதியியல் கொஞ்சம்தான்.

ஆசிரியர் வேலையைப் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரை முடியாது. தமிழ்நாட்டில் வேதியியல் படிக்கும் பெண்ணின் வீட்டில் பி.எட். என்பது சேரும் நாளிலேயே முடிவாகிவிட்ட ஒன்று. பி.எட். இப்போது இரண்டு ஆண்டுப் படிப்பு. அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 36,400 ரூபாய், முதுகலை ஆசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 36,900 ரூபாய். இரண்டு ஆண்டு கூடுதலாகப் படித்ததற்கு வேறுபாடு 500 ரூபாய்தான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சம்பளத்துக்காக எம்.எஸ்சி. படிக்கிறேன் என்பது இங்கே பொருந்தாது. தேர்வு எழுதும் வாய்ப்புகள் இரண்டாகின்றன, பதவி உயர்வின் வழி விரிகிறது என்பதற்காகப் படிக்கலாம். இடையில் தேர்வு அறிவிப்புக்காகக் காத்திருக்கும் ஆண்டுகளைத் தனியார் பள்ளியில் மிகக் குறைந்த சம்பளத்தில் கழிக்க வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தக் காத்திருப்பே சிலருக்குப் பத்தாண்டு ஆகிவிடுகிறது.

முனைவர் பட்டத்தில் ஒரு பெரிய பிளவு இருக்கிறது. சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை பெற்றவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாயும், இரண்டு ஆண்டு கழித்து எஸ்.ஆர்.எஃப். என்னும் முதுநிலை ஆய்வாளர் நிலையில் 42,000 ரூபாயும், அதற்கு மேல் வீட்டு வாடகைப் படியும் உண்டு. ஐந்தாண்டுக்குக் கூட்டினால் படி நீங்கலாக 24 லட்சம் ரூபாய் வருகிறது. இப்படிப் படிக்கிறவருக்கு ஆராய்ச்சி ஒரு வேலைதான்; தொழிற்சாலையில் இருக்கும் வகுப்புத் தோழரைவிட அவர் பின்தங்கிவிடுவதில்லை. உதவித்தொகை எதுவும் இல்லாமல் சேர்கிறவரின் நிலை வேறு. சொந்தக் காசில் வேதிப்பொருள் வாங்கி, மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்.எம்.ஆர். நிறமாலைக்கு வேறு நிறுவனத்துக்குப் பணம் கட்டி, வழிகாட்டியின் வசதிக்காகக் காத்திருந்து, முப்பது வயதில் பட்டத்துடன் வெளியே வந்து, அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக மாதம் 25,000 ரூபாய்க்குச் சேர்கிறார்கள். அதுவும் ஆண்டில் 11 மாதத்துக்கு. அதே வகுப்பறைக்கு அடுத்த அறையில் நிரந்தர உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். உதவித்தொகை இல்லாமல் வேதியியலில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யாதீர்கள் என்று என்னிடம் கேட்டவர் அத்தனை பேரிடமும் சொல்லியிருக்கிறேன், கேட்டுக்கொண்டவர்கள் குறைவு.

வெளிநாட்டைப் பற்றியும் கேட்கிறார்கள். அமெரிக்காவில் வேதியியல் முனைவர் படிப்புக்குச் சேர்கிறவர் பெரும்பாலும் கட்டணம் கட்டுவதில்லை. கற்பித்தல் உதவியாளராக இருந்து மாதத் தொகையும் பெறுகிறார். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் முதுநிலைக்குக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் பருவத்துக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். ஆனால் விசாவுக்கு ஓராண்டு வாழ்க்கைச் செலவாக 11,904 யூரோவை, மாதாமாதம் மட்டுமே எடுக்கக்கூடிய முடக்கப்பட்ட கணக்கில் காட்ட வேண்டியிருக்கிறது. இங்கிலாந்தின் ஓராண்டு எம்.எஸ்சி.க்கு வீட்டை அடகு வைத்தவர்களை நான் அறிவேன். வேதியியலைப் பொறுத்தவரை அந்த முதலீடு திரும்பி வந்ததாக அவர்களில் ஒருவர்கூடச் சொல்லவில்லை.

ஏற்கெனவே பி.எஸ்சி.யில் சேர்ந்துவிட்டவர்களுக்குச் சில தேதிகள். இரண்டாம் ஆண்டுப் படிப்பின்போதே மூன்று அறிவியல் கழகங்கள் இணைந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சிப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம். தேர்வானால் உதவித்தொகையுடன் ஒரு நல்ல ஆய்வகத்தில் இரண்டு மாதம் இருக்கலாம். உண்மையான கருவியை முதன்முதலில் தொடுவது பலருக்கு அங்கேதான். விண்ணப்பத்துடன் ஆசிரியர் ஒருவரின் பரிந்துரையும் கேட்பார்கள், அதனால் துறையில் உங்களை நன்றாக அறிந்த ஒருவரை முன்பே போய்ப் பாருங்கள். ஜாம் விண்ணப்பம் மூன்றாம் ஆண்டின் செப்டம்பரில் தொடங்கி அக்டோபரில் முடிந்துவிடும், தேர்வு பிப்ரவரியில். பருவத் தேர்வு நவம்பரில் இருப்பதால் அதற்குப் பிறகு விண்ணப்பிக்கலாம் என்று இருந்துவிடுகிறவர்கள் ஓராண்டை இழக்கிறார்கள். பெண்களுக்கும், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கும் விண்ணப்பக் கட்டணம் பாதிதான்.